ஆபிராம் உறங்கியபோது கடந்து சென்றவர்



மூன்றாம் ஆண்டு வாசகச் சுழற்சியில், தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று, தொடக்க நூல் 15ஆம் அதிகாரத்திலிருந்து முதல் வாசகம் எடுக்கப்படுகிறது. அன்றைய நற்செய்தி இயேசுவின் தோற்றமாற்றம். ஆகவே மறையுரை பெரும்பாலும் அந்த மலையைப் பற்றியதாகவே அமைந்துவிடும். முதல் வாசகத்தில் வரும் காட்சியோ மிகவும் விநோதமானது. இரண்டாக வெட்டிக் கிடத்தப்பட்ட விலங்குகள், அவற்றின்மேல் வந்து இறங்கும் பறவைகள், இருட்டில் புகையும் ஓர் அடுப்பு. விளக்கம் எதுவும் கேட்காமலேயே, எதற்கு நன்றி சொன்னோம் என்றும் தெரியாமலேயே, நாம் பதிலுரைப் பாடலுக்குப் போய்விடுகிறோம்.

கடவுளின் உடன்படிக்கை என்றால் என்ன, அவருடைய வாக்குறுதியை நம்புவது என்றால் என்ன என்று கேட்கிறவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் இந்த அதிகாரம்தான். இன்று அதை ஒரு முக்கியமான காரணத்துக்காகப் பார்க்க விரும்புகிறேன். திருமணமாகிப் பல ஆண்டுகள் குழந்தைப்பேறு இல்லாத தம்பதியர், நோய் தீராத பிள்ளைக்காக முழங்காலில் நிற்கும் தாய், வேலைக்காக மன்றாடி ஓய்ந்துபோன இளைஞர், இவர்களிடம் நம்மவர்கள் சிலர் தயங்காமல் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "உங்கள் நம்பிக்கை போதவில்லை. அதனால்தான் ஆண்டவர் தரவில்லை." செபக் கூட்டங்களில் இதைக் கேட்டிருப்போம். உறவினர் வாயிலிருந்தும் கேட்டிருப்போம். ஏற்கெனவே பாரம் சுமப்பவரின் தலையில் இன்னொரு கல்லை ஏற்றும் பேச்சு இது. நம் நம்பிக்கையின் தந்தை என்று நாம் அழைக்கும் ஆபிரகாமின் கதையோடு இந்தப் பேச்சு பொருந்துகிறதா?

ஒரு முறையீட்டில் தொடங்கும் உரையாடல்

காரானை விட்டுப் புறப்பட்டபோது ஆபிராமுக்கு வயது 75 (தொநூ 12:4). பெரிய இனமாக்குவேன் என்ற வாக்கும், நாட்டை உன் வழிமரபினருக்குத் தருவேன் என்ற வாக்கும் கையில் இருந்தன. கானானுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவரை வரவேற்றது பஞ்சம். எகிப்துக்குப் போனார். அங்கே உயிருக்குப் பயந்து மனைவியைச் சகோதரி என்று சொன்னார். திரும்பி வந்த பிறகு, மேய்ச்சல் நிலத்துக்காக அண்ணன் மகன் லோத்துவின் ஆள்களோடு தகராறு. பிறகு லோத்துவை மீட்க ஒரு போர். இவ்வளவும் முடிந்த பிறகு ஆண்டவரின் வாக்கு அவருக்கு வருகிறது: அஞ்ச வேண்டாம், நானே உனக்குக் கேடயம், உன் கைம்மாறு மிகப் பெரியது என்ற பொருளில்.

இதற்கு ஆபிராம் என்ன பதில் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். 12ஆம் அதிகாரத்தில் கடவுள் அழைத்தபோது அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. புறப்பட்டார், அவ்வளவுதான். பலிபீடம் கட்டினார், ஆண்டவரின் பெயரைச் சொல்லி வழிபட்டார். ஆனால் அவர் கடவுளிடம் பேசியதாக விவிலியம் எழுதி வைத்திருக்கும் முதல் சொற்கள் இந்த 15ஆம் அதிகாரத்தில்தான் வருகின்றன. அந்தச் சொற்கள் புகழ்ச்சியும் அல்ல, நன்றியும் அல்ல. அவை ஒரு முறையீடு. எனக்கு என்ன தந்து என்ன பயன், நானோ பிள்ளையில்லாமல் போகிறேன், தமஸ்கு நகர் எலியேசர்தானே என் வீட்டுக்கு உரிமையாளனாகப் போகிறான் என்கிறார். கடவுள் பதில் சொல்வதற்குள் மறுபடியும் அதையே அழுத்திச் சொல்கிறார்: நீர் எனக்கு வழிமரபு தரவில்லை (15:2-3). நம் ஞாயிறு வாசகம் ஐந்தாம் வசனத்தில் தொடங்குவதால் இந்த முறையீடு அன்று கோவிலில் ஒலிப்பதில்லை. எனக்கு அது ஓர் இழப்பாகவே படுகிறது.

கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வெளியே அழைத்துப் போகிறார். வானத்தைப் பார், முடிந்தால் விண்மீன்களை எண்ணு என்கிறார். ஆபிராம் நம்பினார், அதைக் கடவுள் அவருக்கு நீதியாகக் கருதினார் (15:6). 'நம்பினார்' என்பதற்கு எபிரேய மூலத்தில் வரும் சொல், நாம் ஒவ்வொரு செபத்தின் முடிவிலும் சொல்லும் 'ஆமென்' என்ற சொல்லின் வேரிலிருந்து வந்தது. உறுதியானது, அசையாதது, சாய்ந்தாலும் தாங்கும் என்பது அந்த வேரின் பொருள். ஆக, நம்புதல் என்பது ஒரு கருத்தை மனத்தால் ஒப்புக்கொள்வதைக் காட்டிலும், ஒருவர்மேல் தன் எடையைச் சாய்ப்பது போன்றது. ஆபிராமுக்கு அந்த இரவில் சான்று எதுவும் தரப்படவில்லை. அதே வானம், அதே விண்மீன்கள், அதே பிள்ளையில்லா வீடு.

இங்கேயே கதை முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் இரண்டே வசனம் தள்ளி அதே ஆபிராம் கேட்கிறார்: இந்த நாட்டை நான் உரிமையாக்கிக் கொள்வேன் என்று எப்படி அறிந்துகொள்வேன்? (15:8). நம்பினார் என்று ஆறாம் வசனம் சொல்கிறது. எப்படி அறிவது என்று எட்டாம் வசனத்தில் கேட்கிறார். தொடக்க நூலின் ஆசிரியருக்கு இவை இரண்டும் முரண்பாடாகத் தெரியவில்லை. கேள்வி கேட்டதற்காக வாக்குறுதி பறிபோகவும் இல்லை. அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் உடன்படிக்கையே வருகிறது!

விலங்குகளை ஏன் வெட்ட வேண்டும்?

மூன்று வயதுள்ள இளம் பசு ஒன்று, மூன்று வயதுள்ள வெள்ளாடு ஒன்று, மூன்று வயதுள்ள செம்மறிக் கிடாய் ஒன்று, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார் கடவுள். ஆபிராம் கொண்டுவந்து, பறவைகளைத் தவிர மற்றவற்றை இரண்டிரண்டாக வெட்டி, பாதிக்குப் பாதி எதிரெதிராக வைக்கிறார். நடுவில் ஒரு பாதை. என்ன செய்ய வேண்டும் என்று கடவுள் அவருக்கு விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் ஆபிராம் வாழ்ந்த உலகத்துக்கு இது தெரிந்த சடங்கு.

எபிரேய மொழியில் உடன்படிக்கையைச் 'செய்வது' என்று சொல்வதில்லை. 'வெட்டுவது' என்பதே வழக்கு. இரு தரப்பார் உடன்படிக்கை செய்யும்போது ஒரு விலங்கை வெட்டுவார்கள். சொன்ன சொல்லை மீறினால் இந்த விலங்குக்கு நேர்ந்தது எனக்கும் நேரட்டும் என்பது அதன் உட்பொருள். நம் ஊரில் பிள்ளையின் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால் ஏன் பெரியவர்களே தயங்குகிறார்கள்? வார்த்தை பொய்த்தால் அது யார்மேல் விழும் என்று தெரிவதால்தான். அதுபோன்ற நடுக்கம் இந்தச் சடங்கிலும் உண்டு.

இது வெறும் ஊகம் அல்ல. சிரியாவில் அலெப்போ நகருக்குத் தென்கிழக்கே செபீரே என்ற இடத்தில் கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரமேயக் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. அர்பாத் நாட்டு மன்னன் மத்தியேல் செய்த உடன்படிக்கை அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. கன்றுக்குட்டி வெட்டப்படுவதுபோல, வார்த்தை தவறினால் மன்னனும் அவனுடைய பெருமக்களும் வெட்டப்படட்டும் என்ற சாபமும் அதில் உண்டு. இதே மன்னன் அசீரியப் பேரரசன் ஐந்தாம் அசூர்நிராரியோடும் ஓர் உடன்படிக்கை செய்தான். அங்கே ஓர் ஆட்டுக்குட்டி. இந்தத் தலை ஆட்டின் தலை அல்ல, உடன்படிக்கையை மீறினால் இது மத்தியேலின் தலை என்ற கருத்தை அந்த ஏடு வெளிப்படையாகவே சொல்கிறது. அர்பாத் நகரம் கி.மு. 740இல் அசீரியரிடம் வீழ்ந்தது. அந்த வீழ்ச்சியின் எதிரொலியை 2 அரசர்கள் 18:34இல் நாம் கேட்கலாம்.

கவனிக்க வேண்டியது இதுதான். இப்படிப்பட்ட அரசியல் உடன்படிக்கைகளில் சாபத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்பவர் வழக்கமாகச் சிறியவர், பலவீனமானவர், கப்பம் கட்டுகிறவர். பேரரசன் ஆட்டுக்குட்டியின் இடத்தில் தன்னை வைத்துக்கொள்வதில்லை. ஆகவே ஆபிராம் விலங்குகளை வெட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தபோது, அந்தப் பாதையில் நடக்க வேண்டியவன் தானே என்று நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

ஒரு பகல் முழுவதும் பறவைகளை விரட்டியவர்

விண்மீன்களைக் காட்டியது இரவில். கதிரவன் மறைந்தது 12ஆம் வசனத்தில். அப்படியானால் இடையே ஒரு முழுப் பகல் கழிந்திருக்கிறது. வெட்டிய இறைச்சி வெயிலில் கிடக்கிறது. பிணம் தின்னும் பறவைகள் மேலே வட்டமிட்டு இறங்குகின்றன. ஆபிராம் அவற்றை விரட்டுகிறார். கடவுள் வரவில்லை. மறுபடியும் பறவைகள், மறுபடியும் விரட்டல். விவிலியம் இதை ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிடுகிறது (15:11). கானான் நாட்டு வெயிலில், முதியவர் ஒருவர், நாற்றமெடுக்கத் தொடங்கும் இறைச்சிக்கு நடுவே கையை வீசிக்கொண்டு ஒரு பகல் முழுவதும் நிற்பதை எண்ணிப் பார்த்தால் அந்த ஒரு வசனம் சிறியதாகத் தெரியாது.

அவருடைய நம்பிக்கை அன்று எப்படி இருந்தது என்று நம்மிடம் யாராவது கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். காட்சி இல்லை, பரவசம் இல்லை. கடவுள் சொன்னதை எடுத்து வைத்தார், அது கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டார். நாள்தோறும் செபமாலை சொல்லியும் மனத்தில் ஒன்றும் தோன்றவில்லையே என்று வருந்தும் பெரியவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வசனம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு கதிரவன் மறையும் வேளையில் ஆபிராமை ஆழ்ந்த உறக்கம் ஆட்கொள்கிறது. ஆதாமின் விலாவிலிருந்து பெண்ணை உருவாக்கக் கடவுள் அவனை உறங்கச் செய்தாரே (2:21), அங்கே வரும் அதே எபிரேயச் சொல்தான் இங்கும். மனிதன் கைகொடுக்க முடியாத ஒன்றைக் கடவுள் மட்டுமே செய்யப்போகிறார் என்பதன் அடையாளம் அது. அந்த உறக்கத்தில் அச்சமும் காரிருளும் அவரைச் சூழ்கின்றன. இருள் கவிந்ததும் புகையும் அடுப்பு ஒன்றும் எரியும் தீப்பந்தம் ஒன்றும் துண்டங்களின் நடுவே கடந்து செல்கின்றன. (அந்த அடுப்புக்கு எபிரேயப் பெயர் 'தன்னூர்'. நம் உணவகங்களில் ரொட்டி சுடும் தந்தூரி அடுப்பின் பெயரும் அதே பழைய சொல்லின் வழிவந்ததே.) புகையும் நெருப்பும் பின்னாளில் பாலைநிலத்திலும் சீனாய் மலையிலும் கடவுளின் உடனிருப்பைக் காட்டிய அதே அடையாளங்கள்.

நடந்தது கடவுள். ஆபிராம் நடக்கவில்லை. நடக்கும்படி அவரிடம் சொல்லப்படவும் இல்லை. படைத்தவர் தாமே வெட்டுண்ட விலங்குகளின் நடுவே போகிறார். என் சொல் தவறினால் இந்தக் கதி எனக்கு என்று கடவுள் தம்மேலேயே சுமந்துகொள்வதாக விவிலிய அறிஞர் பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். கடவுள் தம்மையே சபிப்பதாகச் சொல்வது மிகை என்று கருதுகிறவர்களும் உண்டு. எப்படியானாலும் ஒன்று தெளிவு. அன்றிரவு உறுதி கொடுத்தவர் ஒருவரே. மற்றவர் உறக்கத்தில் இருந்தார்.

வாசகத்தில் விடுபட்ட வசனங்கள்

புத்தாண்டு இரவில் பல பங்குகளில் இறைவாக்கு அட்டைகள் கொடுக்கிறோம். கையை விட்டு ஒன்றை எடுத்து, இந்த ஆண்டு ஆண்டவர் எனக்குத் தந்த வாக்கு என்று விவிலியத்தில் வைத்துக்கொள்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த அட்டைகளில் தொடக்க நூல் 15:13 ஒருபோதும் வராது. உன் வழிமரபினர் தமக்குச் சொந்தமில்லாத நாட்டில் வேற்றினத்தாராக வாழ்வார்கள், அடிமைகளாவார்கள், நானூறு ஆண்டுகள் கொடுமைக்கு ஆளாவார்கள் என்கிறது அந்த வசனம். ஞாயிறு வாசகத்திலும் 13 முதல் 16 வரையிலான வசனங்கள் விடப்பட்டுள்ளன.

வாக்குறுதிக்கும் அதன் நிறைவுக்கும் இடையே நானூறு ஆண்டுகள் என்று கடவுள் மறைக்காமல் சொல்கிறார். நிறைவேறுவதை நீ பார்க்கமாட்டாய், முதிர்ந்த வயதில் அமைதியாக உன் மூதாதையரிடம் போய்ச் சேருவாய் என்றும் சொல்கிறார். காலதாமதத்துக்கு ஒரு காரணமும் தரப்படுகிறது: அந்த நாட்டில் வாழும் எமோரியரின் குற்றம் இன்னும் முழுமை பெறவில்லை. அதாவது, தாம் தேர்ந்துகொண்டவருக்காகக் கூட ஆண்டவர் இன்னொரு மக்களை நேரத்துக்கு முன் வெளியேற்றமாட்டார். இதில் ஆபிராமின் நம்பிக்கை கூடியதா குறைந்ததா என்ற பேச்சே இல்லை. தாமதத்தைப் பார்த்தவுடன் 'நம்பிக்கைக் குறைவு' என்று முத்திரை குத்துபவர்கள் இந்த நான்கு வசனங்களை நிதானமாகப் படிக்க வேண்டும்.

அடுத்த அதிகாரத்திலேயே தடுமாற்றம்

உடன்படிக்கை நடந்து முடிந்ததும் 16ஆம் அதிகாரத்தில் என்ன நடக்கிறது? கானானில் பத்து ஆண்டுகள் கழிந்தும் பிள்ளையில்லை. சாராய் தன் எகிப்தியப் பணிப்பெண் ஆகாரைக் கணவருக்குத் தருகிறார். ஆபிராம் மறுப்புச் சொல்லவில்லை. ஆகார் கருவுற்றதும் வீட்டில் சண்டை. உன் பணிப்பெண், உன் விருப்பம்போல் செய் என்று ஆபிராம் கைகழுவுகிறார். கொடுமை தாங்காமல் ஆகார் பாலைநிலத்துக்கு ஓடுகிறார். நம்பிக்கையின் தந்தை என்று பெயர்பெற்றவரின் வீட்டில், உடன்படிக்கையின் நெருப்பு அணைந்த சூட்டோடு நடந்தது இது. இதில் மிகவும் அடிபட்டவர் ஆகார்தான். அவரையும் கடவுள் தேடிப்போய்ச் சந்திக்கிறார். விவிலியத்தில் கடவுளுக்குப் பெயர் சூட்டும் அந்தப் பெண் ஓர் அடிமை, வேற்றினத்தவர்: என்னைக் காண்கிற இறைவன் என்று அவரை அழைக்கிறார் (16:13).

இஸ்மயேல் பிறந்தபோது ஆபிராமுக்கு வயது 86. அடுத்து 99ஆம் வயதில்தான் கடவுள் மறுபடியும் பேசியதாக வாசிக்கிறோம். பெயர்கள் மாறுகின்றன, விருத்தசேதனம் அடையாளமாகத் தரப்படுகிறது, தம் திருமுன் மாசற்றவராய் நடக்க வேண்டும் என்று கேட்கப்படுகிறது. உடன்படிக்கை மனிதரிடம் எதையும் கேட்பதில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது, கேட்கிறது. ஆனால் கேட்பது பிறகு வருகிறது. கடவுள் துண்டங்களின் நடுவே நடந்து முடித்த பிறகு வருகிறது. சாராவுக்கு மகன் பிறப்பான் என்று கேட்டபோது ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரிக்கிறார் (17:17). அடுத்த அதிகாரத்தில் சாராவும் சிரிக்கிறார். நூறு வயதில் மகன் பிறந்தபோது அவனுக்கு வைத்த பெயரே 'சிரிப்பு' என்று பொருள்படும் ஈசாக்கு. 75இலிருந்து 100 வரை, 25 ஆண்டுக் காத்திருப்பு. அதற்குள் பயம், பொய், முறையீடு, கேள்வி, குறுக்குவழி, சிரிப்பு எல்லாம் வந்துபோயின. உடன்படிக்கை மட்டும் முறியவில்லை.

மோசே எதைப் பிடித்துக்கொண்டு மன்றாடினார்?

சீனாய் மலையடிவாரத்தில் நடந்த உடன்படிக்கை வேறு விதமானது. அங்கே மக்களும் வாக்குக் கொடுத்தார்கள். ஆண்டவர் சொன்ன அனைத்தையும் செய்வோம் என்றார்கள். பலியின் இரத்தத்தில் பாதி பலிபீடத்தின்மேலும் மறுபாதி மக்கள்மேலும் தெளிக்கப்பட்டது (விப 24:3-8). மோசே மலைமேல் இருந்த நாற்பது நாள் முடிவதற்குள் பொன் கன்றுக்குட்டி வந்துவிட்டது.

அப்போது மோசே எப்படிப் பரிந்து பேசினார் என்று பாருங்கள். மக்கள் கொடுத்த வாக்கைச் சுட்டிக்காட்ட அவரால் முடியாது, அது உடைந்து கிடந்தது. ஆபிரகாமையும் ஈசாக்கையும் இஸ்ரயேலையும் நினைத்தருளும், விண்மீன்களைப் போல் வழிமரபைப் பெருகச் செய்வேன் என்று உம்மேலேயே ஆணையிட்டுச் சொன்னீரே என்கிறார் (விப 32:13). இருவர் கையெழுத்திட்ட உடன்படிக்கை கிழிந்தபோது, ஒருவர் மட்டும் நடந்துபோன பழைய உடன்படிக்கையின்மேல் நின்று அவர் மன்றாடினார். தூய பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது இதே தளத்தில்தான் நிற்கிறார்: 430 ஆண்டுகளுக்குப் பின் வந்த சட்டம், கடவுள் முன்பே உறுதிப்படுத்திய வாக்குறுதியை ஒழித்துவிடாது (கலா 3:17).

வெட்டிய துண்டங்களின் நடுவே மனிதர் நடந்த நிகழ்ச்சி ஒன்றும் விவிலியத்தில் உண்டு. அது எரேமியா 34ஆம் அதிகாரம். நெபுகத்னேசரின் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த நேரம். அரசன் செதேக்கியாவும் தலைவர்களும் எபிரேய அடிமைகளை விடுவிப்பதாக, கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அதன் நடுவே நடந்து உடன்படிக்கை செய்தார்கள். அடிமைகளை விட்டார்கள். பாபிலோனியப் படை சிறிது காலம் பின்வாங்கியதும், விட்டவர்களை மறுபடியும் பிடித்து அடிமைகளாக்கிக்கொண்டார்கள்! ஆபத்து நேரத்தில் ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, ஆபத்து நீங்கியதும் மறந்துவிடுவது நமக்குத் தெரியாத பழக்கம் அல்ல. எரேமியா வழியாகக் கடவுள் சொன்ன தீர்ப்பு கடுமையானது. அவர்கள் அந்தக் கன்றுக்குட்டியைப் போல் ஆவார்கள். அவர்களின் பிணங்கள் வானத்துப் பறவைகளுக்கு இரையாகும் (34:18-20). ஆபிராம் பகல் முழுவதும் விரட்டிய பறவைகள் இங்கே இறங்கிவிடுகின்றன. கி.மு. 587இல் எருசலேம் வீழ்ந்தது.

ஆனால் அதே எரேமியாவின் நூலில்தான், மூன்று அதிகாரம் முன்னே, இதயத்தில் எழுதப்படும் புதிய உடன்படிக்கை பற்றிய வாக்கும் இருக்கிறது (31:31-34). இறுதி இராவுணவில் இயேசு கிண்ணத்தை எடுத்து, தம் இரத்தத்தால் ஆகும் புதிய உடன்படிக்கை என்றபோது (லூக் 22:20) அந்த வாக்கையே எடுத்துக்கொண்டார். அன்றிரவும் உடன்படிக்கையின் மறு தரப்பார் உறங்கிக்கொண்டிருந்தார்கள், கெத்சமனித் தோட்டத்தில். வார்த்தை தவறியவர்கள் மனிதர்கள். வெட்டுண்டவர் வார்த்தையானவர். தொடக்க நூல் 15இன் பாதையில் நடந்து போன நெருப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டால், கிறிஸ்தவர்களாகிய நாம் கல்வாரியைக் காட்டுகிறோம்.

புதிய உடன்படிக்கை வந்ததால் பழைய மக்களைக் கடவுள் தள்ளிவிட்டார் என்று பொருள் கொள்ளக் கூடாது. கடவுள் தாம் கொடுத்த கொடைகளையும் விடுத்த அழைப்பையும் திரும்பப் பெறுவதில்லை என்று பவுல் உரோமையருக்கு எழுதியதை (11:29), இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய ஏட்டில் நினைவூட்டியது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1980இல் செர்மனியின் மைன்ஸ் நகரில் யூதப் பிரதிநிதிகளைச் சந்தித்தபோது, கடவுள் ஒருபோதும் விலக்கிக்கொள்ளாத உடன்படிக்கை அது என்று பேசினார். ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கையே விட்டுவிடும் கடவுள் என்றால், நமக்குக் கொடுத்த வாக்கை மட்டும் எப்படி நம்புவது?

'ஏற்பாடு' என்ற நம் சொல்

விவிலியத்தின் இரு பகுதிகளையும் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்கிறோம். உள்ளே போனால் 'உடன்படிக்கை' என்று படிக்கிறோம். உடன்படிக்கை என்றால் இருவர் உடன்பட வேண்டும். ஏற்பாடு என்பது ஒருவர் முன்வந்து மற்றவர்களுக்காகச் செய்து வைப்பது. திருமண ஏற்பாடு, விருந்து ஏற்பாடு என்று சொல்கிறோம் அல்லவா? இந்த வேறுபாடு கிரேக்கத்திலும் உண்டு. எபிரேய விவிலியத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்த யூத அறிஞர்கள், இரு தரப்பு ஒப்பந்தத்தைக் குறிக்கும் 'சுந்தேக்கே' என்ற சொல் கையிலிருந்தும் அதை ஒதுக்கிவிட்டு, ஒருவர் தாமே செய்துவைக்கும் ஏற்பாட்டையும் உயிலையும் குறிக்கும் 'தியாத்தேக்கே' என்ற சொல்லையே பயன்படுத்தினார்கள். நம் தமிழ் விவிலியத்தின் அட்டையில் இருக்கும் சொல்லும் அதே பக்கம் சாய்கிறது.

போதுமான நம்பிக்கை எது?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பவுல் உரோமையர் 4ஆம் அதிகாரத்தில் தொநூ 15:6ஐ எடுத்துப் பேசும்போது, ஆபிரகாம் நீதிமானாகக் கருதப்பட்டது விருத்தசேதனத்துக்குப் பிறகா முன்னரா என்று கேட்டு, முன்னரே என்கிறார். யாக்கோபு தம் மடலில் (2:21-24) அதே வசனத்தை எடுத்து, ஈசாக்கைப் பலியிட முன்வந்த செயலில் அந்த நம்பிக்கை நிறைவு பெற்றது என்கிறார். இந்த இரண்டு பகுதிகளையும் வைத்து லூத்தரன் சபையினருக்கும் நமக்கும் இடையே நூற்றாண்டுக் கணக்கில் வழக்கு நடந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, கடவுளின் அருளாலேயே நாம் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று ஒரே குரலில் அறிக்கையிட்டது. நம் தகுதி எதுவும் அதற்கு அடிப்படை அல்ல என்பதும் அதில் அடங்கும்.

நம்பிக்கையையே ஒரு தகுதியாக மாற்றிவிடுவதுதான் "உங்கள் நம்பிக்கை போதவில்லை" என்ற பேச்சில் நடக்கும் தவறு. நேர்ச்சைக்கு இவ்வளவு, நவநாளுக்கு இவ்வளவு, நம்பிக்கைக்கு இவ்வளவு என்று அளந்து போட்டால் வரம் இறங்கும் என்ற கணக்கு அது. நேர்ச்சை நன்றியின் அடையாளமாக இருக்கும்வரை நல்லது. விலை ஆகிவிட்டால், துண்டங்களின் நடுவே நாமே நடந்துவிடப் பார்க்கிறோம் என்று பொருள். தவிர, ஆபிரகாமுக்குக் கிடைத்ததெல்லாம் நமக்கும் அப்படியே கிடைக்கும் என்ற உறுதியும் எங்கும் இல்லை. எல்லாக் குழந்தையற்ற தம்பதியருக்கும் ஈசாக்கு பிறப்பான் என்று விவிலியம் சொல்லவில்லை. உன் கடவுளாய் இருப்பேன் என்பதே உடன்படிக்கையின் நடுநாயகமான வாக்கு (17:7). பிள்ளை பிறக்காத வீட்டிலும் அந்த வாக்கு முழுமையாக இருக்கிறது. அந்த வீட்டாரிடம் 'நம்பிக்கை போதாது' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்கள் வெயிலில் நின்று பறவைகளை விரட்டிக்கொண்டிருக்கிறார்கள். முடிந்தால் நாமும் பக்கத்தில் போய் நின்று கையை வீசலாம்.

மக்பேலா குகை

சாரா 127 வயதில் எபிரோனில் இறந்தார். நாடு முழுவதையும் வாக்குறுதியாகப் பெற்றவருக்கு மனைவியை அடக்கம் செய்ய ஒரு சாண் நிலம் இல்லை. உங்களிடையே நான் அந்நியன் என்று சொல்லி இத்தியரிடம் தலைவணங்கிக் கேட்கிறார். எப்ரோன் சொன்ன விலை 400 வெள்ளிச் செக்கேல். பேரம் பேசாமல் நிறுத்துக் கொடுத்து மக்பேலா நிலத்தையும் குகையையும் வாங்குகிறார் (தொநூ 23). யூப்பிரத்தீசு வரை என்று சொல்லப்பட்ட நாட்டில் ஆபிரகாமுக்கு உரிமையான நிலம் என்று தொடக்க நூல் பத்திரம்போல எழுதிவைத்திருப்பது இந்த ஒரு கல்லறை நிலத்தைத்தான். விண்மீன்களைப்போல என்று சொல்லப்பட்ட வழிமரபிலோ, அவர் 175 வயதில் இறந்தபோது வாக்குறுதியின் மகன் ஈசாக்கும், அவருடைய 15 வயது இரட்டையர் ஏசாவும் யாக்கோபும்தான் இருந்தார்கள். வாக்களிக்கப்பட்டவற்றைப் பெறாமலேயே தொலைவிலிருந்து கண்டு வாழ்த்தி, நம்பிக்கையோடு இறந்தார்கள் என்கிறது எபிரேயர் மடல் (11:13).

அவருடைய அடக்கத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு தொடக்க நூல் 25:9இல் இருக்கிறது. அவரை மக்பேலா குகையில் அடக்கம் செய்தவர்கள் அவருடைய மைந்தர் ஈசாக்கும் இஸ்மயேலும். வெளியே அனுப்பப்பட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அந்தக் குகையின்மேல் பெரிய ஏரோது காலத்துக் கல் மதில் இன்றும் நிற்கிறது. உள்ளே ஒரு பகுதியில் யூதர்களும் மற்றொரு பகுதியில் முஸ்லிம்களும், தனித்தனி வாசல் வழியாகச் சென்று, ஆபிரகாமின் கடவுளை வேண்டுகிறார்கள்.